சீட்டை வைத்துச் 'செய்வது': டாரட் சடங்கு பற்றி ஓர் எளிய அறிமுகம்

டாரட் சீட்டுக்கட்டு இப்போது மார்த்தாண்டத்திலோ திங்கள்நகரிலோ இருந்துகொண்டு போனில் ஆர்டர் போட்டாலே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. பார்சலைப் பிரித்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்: "மக்களே, இது என்ன சூனியச் சீட்டா? இதையெல்லாம் வீட்டுக்குள்ள வைக்கலாமா?" அதே நேரத்தில் போனில் ஒரு ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்: "இந்தச் சீட்டைத் தலையணைக்கு அடியில் வையுங்கள், ஏழு நாளில் பணம் கொட்டும்." பெரியவர்களுக்குச் சீட்டைக் கண்டு பயம், ரீல்ஸ்காரருக்கு வியாபாரம். நடுவில் இருக்கிற பிள்ளைக்கு அது உண்மையில் என்னவென்று சொல்ல ஆளில்லை.

இந்தக் குழப்பத்துக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டாரட்டை வைத்துக் குறி பார்ப்பதையும், டாரட்டை வைத்துச் சடங்கு செய்வதையும் ஒரே விஷயமாக நினைத்துப் பேசுகிறோம். சீட்டு ஒன்றுதான், ஆனால் இரண்டும் நேர் எதிரான வேலைகள். சடங்கு எப்படி நடக்கிறது, அதில் எது வேலை செய்கிறது, எது வெறும் பேச்சு என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அதற்கு முன்னால் சீட்டின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் அது ஒரு சீட்டாட்டம்

நம் ஊரில் 28 என்கிற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவர்களுக்கு டாரட்டைப் புரியவைப்பது சுலபம். 28-ல் யாராவது ஒருவர் ஏலம் கேட்டு, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துத் துருப்பு சொல்வார். துருப்பு இறங்கினால் மற்ற இனத்தில் எவ்வளவு பெரிய சீட்டு கிடந்தாலும் அது வெட்டுப்படும். டாரட்டில் இந்தத் துருப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாது. நாலு இனங்களுக்கு மேல் ஐந்தாவதாக ஒரு நிரந்தரத் துருப்பு வரிசையே படத்துடன் கட்டில் இருக்கிறது. 1440-களில் வட இத்தாலியின் பிரபு வீடுகளில் இப்படித்தான் ஆடினார்கள். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் அதை ஆட்டமாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "எனக்கு எப்போது கல்யாணம் ஆகும்?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரு முழுக் கட்டில் 78 சீட்டுகள். அதில் படத் துருப்புகள் 22. சாவு, கோபுரம், நட்சத்திரம், சூரியன், உலகம் என்று சினிமாவில் காட்டுவதெல்லாம் இவைதான். இவற்றை மேஜர் ஆர்கானா என்பார்கள். மீதி 56 சீட்டுகள் கோப்பை, வாள், காசு, கோல் என்று நாலு இனம், இனத்துக்கு 14. இவை மைனர் ஆர்கானா. நம் வீட்டுக் கட்டில் ராஜா, ராணி, ஜாக்கி என்று மூன்று ஆள் சீட்டுகள் இருக்கின்றன அல்லவா, டாரட்டில் கூடுதலாக இன்னொருவர்: ராஜா, ராணி, குதிரைவீரன், பணியாள்.

அப்படியானால் மந்திரம் எங்கிருந்து வந்தது? பிரான்சில் கூர் டி ஜெபெலான் என்ற பாதிரியார் 1781-ல் ஓர் அறிவிப்பு செய்தார். இது பழைய எகிப்திய பூசாரிகளின் ரகசிய ஞானம், சீட்டாட்ட வேஷத்தில் தப்பி வந்திருக்கிறது என்றார். எகிப்தியச் சித்திர எழுத்தை அன்றைக்கு வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் கிடையாது. ஷம்போலியோன் அதன் பூட்டைத் திறந்தது 1822-ல்தான். திறந்த பிறகு அதற்குள் டாரட் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சீட்டுக்கட்டு என்கிற பொருள் ஐரோப்பாவுக்கு எகிப்து வழியாகவே வந்தது. ஆனால் பாரோ மன்னர்கள் காலத்தில் இல்லை, 14-ஆம் நூற்றாண்டில், மம்லுக் சுல்தான்கள் ஆண்டபோது. அவர்கள் கட்டில் இருந்த போலோ மட்டைதான், அந்த விளையாட்டைப் பார்த்திராத ஐரோப்பியர் கையில் கோலாக மாறியது.

1781-க்குப் பிறகு கதை வேகமாக வளர்ந்தது. பாரிஸில் எட்டெய்லா என்பவர் சீட்டுக் குறியைத் தொழிலாகவே நடத்தினார். 1850-களில் எலிஃபாஸ் லெவி 22 துருப்புகளையும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு பொருத்திக் காட்டினார். 1888-ல் லண்டனில் 'கோல்டன் டான்' என்ற ரகசியச் சங்கம் தொடங்கியது. சீட்டு வெறும் குறிக்கருவியாக இல்லாமல் சடங்குக்கும் தியானத்துக்கும் உரிய படமாக முறைப்பட்டது அங்கேதான். அந்தச் சங்கத்தில் இருந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்ல, அதே சங்கத்தைச் சேர்ந்த ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் 78 சீட்டுகளையும் வரைந்தார். 1909 டிசம்பரில் அந்தக் கட்டு வெளியானது. இன்று ஆன்லைனில் வாங்கும் பெரும்பாலான கட்டுகள் அதன் நகலோ, அதைப் பார்த்து வரைந்ததோதான். பமேலாவுக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம். கட்டுக்குப் பல காலம் அவர் பெயரே இல்லாமல் பதிப்பாளர் பெயரும் வெயிட் பெயரும் மட்டும் நிலைத்தன.

சடங்குக்கு பமேலா செய்த வேலைதான் அடிப்படை. அவருக்கு முந்தைய கட்டுகளில் பெரும்பாலும் 'வாள் எட்டு' என்றால் எட்டு வாள்கள், அவ்வளவுதான். அவர் அதில் ஒரு பெண்ணை நிறுத்தினார். கண் கட்டியிருக்கிறது, உடம்பில் துணி சுற்றியிருக்கிறது, சுற்றிலும் வாள்கள் நட்டிருக்கின்றன. ஆனால் உற்றுப் பார்த்தால் அவள் கால் கட்டப்படவில்லை. எண்ணாக இருந்தது கதையாகிவிட்டது. கதை இருந்தால்தான் அதை வைத்துச் சடங்கு செய்ய முடியும்.

இதுவரை பார்த்தது: டாரட் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சீட்டாட்டம். மந்திரப் பெயர் ஒட்டியது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். சடங்குக்கு வசதியான படங்கள் வந்து நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். சீட்டுக்குள் ஏதோ ஆவி குடியிருக்கிறது என்று பயப்பட வரலாற்றில் இடமே இல்லை.

கிளி எடுக்கிற சீட்டும் நாம் எடுக்கிற சீட்டும்

கிளி ஜோசியத்தில் ஜோசியர் பெயரைச் சொல்லிக் கூண்டைத் திறப்பார். கிளி வெளியே வந்து ஒரு அட்டையை இழுத்துப் போடும். முருகன் வந்தால் ஒரு பலன், வேறு சாமி வந்தால் வேறு பலன். இதில் முக்கியம், எது வரும் என்று நமக்குத் தெரியாது என்பது. கோயிலில் பூ கட்டிப் பார்ப்பதும் இதே வகைதான். டாரட் வாசிப்பு, அதாவது ரீடிங், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கட்டைக் கலைத்து, கவிழ்த்து, தற்செயல் எதைக் கொடுக்கிறதோ அதைப் படிக்கிறார்கள்.

சடங்கில் கலைப்பது கிடையாது. கட்டை முகம் தெரிய விரித்து வைத்து, 78-லிருந்து தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுக்க வேண்டும். கிளிக்கு வேலை இல்லை. ரீடிங் "என்ன நடக்கும்?" என்று கேட்கிறது. சடங்கு "எனக்கு இது நடக்க வேண்டும்" என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குகிறது. இந்தச் சடங்கைத்தான் ஆங்கிலப் பழக்கத்தில் ஸ்பெல் என்கிறார்கள்: ஒரு நோக்கத்தை முன்வைத்து, அடையாளப் பொருள்களை ஒழுங்காக அடுக்கி, சொல்லும் செய்கையும் சேர்த்து நடத்துவது.

இந்த வித்தியாசம் தெரியாததால் வருகிற வீண் பயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரீடிங்கில் சாவுச் சீட்டு வந்துவிட்டது என்று தூக்கம் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 78-லிருந்து மூன்று சீட்டு எடுத்தால், அதில் ஒன்று சாவாக இருக்க 26-ல் 1 வாய்ப்பு. வாரம் ஒருமுறை பார்க்கிற ஒருவருக்கு வருஷத்துக்கு சராசரியாக இரண்டு தடவை சாவு வந்தே தீரும். அவர் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு சாவு விழுவதில்லை. அந்தப் படத்திலும் எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் போகிறது, தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரிகிறது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றுதான் அதற்குப் பலன் சொல்வார்கள். வேலையை விடப்போகிறவர் சடங்கில் அந்தச் சீட்டையே விரும்பி எடுப்பதும் உண்டு.

சரி, ரீடிங் எப்படி அவ்வளவு பொருத்தமாகத் தோன்றுகிறது? 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு "உனக்கென்று எழுதியது" என்று எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்து, எவ்வளவு சரி என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தை ஆளாளுக்குத் தன் வாழ்க்கையை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். குறி பற்றி இதற்கு மேல் இங்கே வேண்டாம். நம் விஷயம் சடங்கு.

மண்டையப்பம் எதற்கு?

மண்டைக்காட்டு பகவதி அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வதை நம் குமரி மாவட்டத்தில் தெரியாதவர்கள் குறைவு. அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்துத் தலை மாதிரி பிடித்து அவிப்பார்கள். தலைவலி தீர வேண்டும் என்று நேர்ந்தவர்கள் அதை அம்மனுக்குப் படைப்பார்கள். அப்பத்தை மாத்திரை என்று யாரும் நினைப்பதில்லை. வலிக்கிற தலையைக் கழற்றி அம்மன் முன்னால் வைக்க முடியாது, அதனால் தலைக்குப் பதிலாக ஒன்றை வைக்கிறோம். கோயில்களிலும் தேவாலயங்களிலும் கை, கால், கண் உருவங்களைக் காணிக்கை போடுவதும் இதே கணக்குதான். ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்று நிற்கிறது. நோயாளியின் மனதில் புகையாகச் சுற்றிக்கொண்டிருந்த கவலை கையால் தூக்கக்கூடிய ஒன்றாக மாறுகிறது.

டாரட் சடங்கில் சீட்டு செய்கிற வேலை இதுதான். "தைரியம் வேண்டும்" என்பதை மேசையில் வைக்க முடியாது. ஒரு பெண் சிங்கத்தின் வாயைக் கையால் மென்மையாகப் பிடித்திருக்கும் 'வலிமை' சீட்டை வைக்க முடியும். செய்கிறவரைக் குறிக்க ஒரு சீட்டு, இருக்கிற நிலைக்கு ஒன்று, தடைக்கு ஒன்று, வேண்டிய முடிவுக்கு ஒன்று என்று அடுக்குவார்கள். அடுக்கும் முறைக்கு ஸ்ப்ரெட் என்று பெயர்.

ஆனால் மண்டையப்பத்தோடு ஒரு இடத்தில் இது பிரிகிறது, அதை மறைக்கக் கூடாது. நேர்ச்சையில் எதிரே வாங்கிக்கொள்ள அம்மன் இருக்கிறாள், புனிதர் இருக்கிறார், ஒரு உறவு இருக்கிறது, நேர்ந்ததைச் செலுத்தும் கடமையும் இருக்கிறது. டாரட் சடங்கில் எதிரே யார்? இதில் ஈடுபடுகிறவர்களே ஒத்துப்போவதில்லை. சிலர் தெய்வத்தை அழைக்கிறார்கள், சிலர் பிரபஞ்சம் என்கிறார்கள், சிலர் என் மனசுதான் என்று முடித்துக்கொள்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், மூன்றாவது கூட்டம்தான் ஆதாரத்தோடு பேசுகிறது. நேர்ச்சை உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சடங்கு எப்படி நடக்கும்

தக்கலைப் பக்கம் ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனிக்குப் போக வேண்டும், அதற்கு B2 மொழித் தேர்வு எழுத வேண்டும். படிப்பதிலும் எழுதுவதிலும் பயமில்லை. பேச்சுத் தேர்வென்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

முதலில் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுகிறாள். "ஜெர்மனி போக வேண்டும்" என்று எழுதினால் அது ஆசை. "பேச்சுத் தேர்வில் கேள்வி புரியாவிட்டால், திரும்பச் சொல்லுங்கள் என்று ஜெர்மனில் கேட்பேன், வாயடைத்து உட்காரமாட்டேன்" என்று எழுதினால்தான் சடங்குக்குப் பிடி கிடைக்கும். இந்த ஒரு வரி சரியாக அமைவதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். இதில் அவசரப்பட்டவர்கள்தான் அப்புறம் சீட்டைக் குறை சொல்வார்கள்.

பிறகு சீட்டு தேடுகிறாள். தனக்காக வாள் ராணி: நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் வாள், மறு கையை எதிரே நீட்டிப் பேச அழைக்கிறவள். தன்னைக் குறிக்கும் இந்தச் சீட்டுக்கு சிக்னிஃபிகேட்டர் என்று பெயர். இருக்கிற நிலைக்குக் காசு எட்டு: ஒரு தொழிலாளி பெஞ்சில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக ஒவ்வொரு காசாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். தடைக்கு நாம் பார்த்த அந்த வாள் எட்டு. முடிவுக்குக் கோல் மூன்று: மேட்டில் ஒருவன் முதுகு காட்டி நின்று கடலில் போகும் கப்பல்களைப் பார்க்கிறான். குளச்சலிலோ முட்டத்துப் பாறையிலோ நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

நாலையும் ஒரு துணியில் வரிசையாக வைக்கிறாள். விளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றுகிறாள். வரியை வாய்விட்டுச் சொல்கிறாள். அடுத்து அன்றைய அரை மணி நேரப் பேச்சுப் பயிற்சி. பயிற்சி முடிந்தால்தான் ராணியை ஒரு விரற்கடை நகர்த்தலாம். தவறிய நாளில் ராணி இருந்த இடத்திலேயே இருப்பாள். இப்படி ஒன்பது நாள். நவநாள் செபம் சொல்லிப் பழகியவர்களுக்கும், மண்டலக் கணக்கில் விரதம் இருந்தவர்களுக்கும் நாள் எண்ணிச் செய்வதன் பலம் தெரியும். டாரட்காரர்கள் பொதுவாக நிலாவைப் பார்த்து நாள் வைக்கிறார்கள்: சேர வேண்டியதற்கு வளர்பிறை, விட வேண்டியதற்குத் தேய்பிறை. அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வார்கள், நம் வீட்டு காலண்டரில் தினமும் கிழிக்கிற விஷயம்.

கடைசி நாள் ராணி வாள் எட்டைத் தாண்டிக் கோல் மூன்றின் பக்கத்தில் நிற்பாள். நன்றி சொல்லி, விளக்கை அணைத்து, சீட்டுகளைக் கட்டில் சேர்த்துவிட வேண்டும். முடித்துவைப்பதும் சடங்கின் பாகம். முடிக்காமல் விட்டால் ஆபத்து என்று பயமுறுத்துகிறார்கள், அதெல்லாம் கிடையாது. மனம் அதையே பிடித்துத் தொங்காமல் இருக்க ஒரு கதவைச் சாத்துகிறோம், அவ்வளவுதான். மெழுகுவர்த்தியை மட்டும் நிஜமாகவே கவனியுங்கள். சீட்டு அட்டை, விரிப்பு துணி. எரிய விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

உள்ளே என்ன வேலை செய்கிறது

இந்த மாதிரிச் செய்கைகளை ஆராய்ந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ஃப்ரேசர் முக்கியமானவர். உலகம் முழுக்க மந்திரச் செயல்கள் இரண்டே எண்ணங்களில் நிற்கின்றன என்றார். ஒன்று, ஒத்திருப்பது ஒத்ததைக் கொண்டுவரும்: பொம்மையைக் குத்தினால் ஆளுக்கு வலிக்கும் என்பது. மற்றொன்று, ஒருமுறை தொட்டது பிறகும் தொடர்பில் இருக்கும்: முடி, நகம், காலடி மண் எடுத்துச் செய்வினை வைப்பார்கள் என்று ஊரில் சொல்வது. டாரட் சடங்கு பெரும்பாலும் முதல் வகை. ஃப்ரேசரின் தீர்ப்பு, மனதுக்குள் இரண்டு விஷயங்கள் ஒட்டியிருப்பதை வெளியுலகத்திலும் ஒட்டியிருப்பதாக எடுத்துக்கொள்வதுதான் மந்திரத்தின் பிழை என்பது. அது சரிதான். கோல் மூன்றை மேசையில் வைப்பதால் விசா அலுவலகத்தில் எதுவும் அசையாது.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. போலந்தில் பிறந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஒரு விஷயத்தைக் கவனித்தார். அந்தத் தீவு மக்கள் அமைதியான உள்கடல் காயலில் மீன் பிடிக்கப் போகும்போது மந்திரம் எதுவும் செய்வதில்லை. திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள். தொழில் இரண்டிலும் மீன்பிடிதான், காயலில் திறமை போதும், ஆழ்கடலில் திறமைக்கு அப்பால் ஆபத்து இருக்கிறது.

இதை நம் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் பாடமாக எடுக்க வேண்டியதில்லை. மணக்குடிக் காயலில் வலை வீசப் போகிறவரையும், தூத்தூர் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். புதுப் படகைப் பாதிரியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிக்காமல் இறக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்ததைப் பார்த்த பிறகு அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஆட்களுக்குக் காற்றும் நீரோட்டமும் நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததைக் கையால் செய்துவிட்டு, தெரியாததற்குச் சடங்கைத் துணை வைக்கிறார்கள்.

அந்தத் துணை என்ன செய்கிறது என்பதற்குச் சோதனை இருக்கிறது. 2016-ல் அலிசன் உட் புரூக்ஸும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் வெளியிட்டது. அந்நியர் முன்னால் பாட வேண்டும் என்று சொல்லி ஆட்களுக்குப் பதற்றத்தைக் கிளப்பினார்கள். ஒரு பகுதியினரிடம் ஒரு சின்னச் சடங்கு செய்யச் சொன்னார்கள்: இப்போது உன் மனநிலை எப்படியோ அதைப் படமாக வரை, அதன் மேல் உப்புத் தூவு, ஐந்து வரை வாய்விட்டு எண்ணு, தாளைக் கசக்கு, குப்பையில் போடு. செய்தவர்கள் செய்யாதவர்களைவிட நன்றாகப் பாடினார்கள், பதற்றமும் குறைந்திருந்தது. உப்பு சுற்றிப் போடுகிற நம் பாட்டிமார் இதைக் கேட்டால் காசு வாங்கிக்கொண்டா இதைக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பார்கள். அதே ஆய்வின் இன்னொரு பகுதி இன்னும் சுவாரசியம்: ஒரே செய்கைகளைச் 'சடங்கு' என்று சொல்லிக் கொடுத்தபோது பலன் இருந்தது, 'சும்மா சில செய்கைகள்' என்று சொன்னபோது அந்தப் பலன் இல்லை. செய்கிறவர் அதற்கு ஓர் அர்த்தம் கொடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. உப்பில் இல்லை.

அடுத்தது, ரீல்ஸ்காரர்கள் சொல்லாத பகுதி. முடிவுச் சீட்டை மட்டும் வைத்து அதையே பார்த்துக் கனவு காண்பது கெடுதல் செய்யக்கூடும். கேப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் ஜெர்மனியில் படிப்பை முடித்து வேலை தேடியவர்களை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தார். நல்ல வேலை கிடைத்துவிட்ட மாதிரி அதிகம் கற்பனை செய்தவர்களுக்குக் குறைவான வேலை வாய்ப்புகளே வந்தன, சம்பளமும் குறைவு. மனம் கற்பனையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் காலுக்கு நடக்கத் தோன்றுவதில்லை. அவர் சொல்லும் மாற்று வழி, வேண்டிய முடிவையும் உள்ளே இருக்கிற தடையையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்ப்பது. அந்த நர்ஸ் கோல் மூன்றுக்கு முன்னால் வாள் எட்டை வைத்தாளே, அந்த இடத்தில்தான் சடங்கு உருப்படியாகிறது. தடைச் சீட்டு இல்லாத ஸ்ப்ரெட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அவள் எழுதிய வரிக்கும் இதே மாதிரி ஆதாரம் உண்டு. "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்த திட்டம், வெறும் "முயற்சி செய்வேன்" என்பதைவிட அதிகம் நிறைவேறுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் 1990-களில் காட்டினார். கேள்வி புரியாவிட்டால், திரும்பக் கேட்பேன். அதை ஒன்பது நாள் விளக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லி, அரை மணி நேரம் பழகியும் விட்டால், தேர்வறையில் நாக்கு தானாகத் திரும்பும்.

இந்தப் பகுதியைச் சுருக்கமாக: சீட்டு கவலைக்கு உருவம் கொடுக்கிறது. சடங்கு பதற்றத்தைத் தணிக்கிறது. தடையைப் பார்ப்பதும் பயிற்சியும் காரியத்தை நகர்த்துகின்றன. இது அத்தனையும் செய்கிறவருடைய தலைக்குள்ளும் கையிலும் நடப்பது. தேர்வாளர் மனதிலோ, கடலிலோ, லாட்டரிச் சீட்டிலோ அல்ல.

இன்னொருவர் மேல் செய்ய முடியுமா?

மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். சடங்கு வேலை செய்கிற இடம் செய்கிறவர்தான் என்றால், பிரிந்து போன காதலனைத் திரும்ப வரவழைப்பதும், மாமியார் வாயைக் கட்டுவதும், எதிரிக் கடைக்காரனை முடக்குவதும் அதன் எல்லைக்கு வெளியே. தவிரவும், 'வரமாட்டேன்' என்று சொன்னவர் சம்மதத்தைச் சீட்டை வைத்துத் திருப்ப ஆசைப்படுவதே அசிங்கம். இதில் ஈடுபடுகிறவர்களிலும் பொறுப்பானவர்கள் இந்த வேலையைத் தொடமாட்டார்கள்.

காசு போவதும் இங்கேதான். "உங்கள் மேல் யாரோ செய்திருக்கிறார்கள், சீட்டில் தெரிகிறது, எடுக்க இவ்வளவு ஆகும்" என்று ஆரம்பிப்பார்கள். முதலில் ஐந்நூறு, பிறகு பூஜைச் சாமான், பிறகு அது பலிக்கவில்லை என்பதால் இன்னொரு பெரிய சடங்கு. செய்வினைப் பயம் ஏற்கனவே இருக்கிற ஊரில் இந்த வியாபாரத்துக்கு முதலீடே தேவையில்லை. பேய்க்கும் மந்திரவாதிக்கும் பயந்து கிடக்காதே என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே அய்யா வைகுண்டர் சொல்லிப் போன மண் இது. இன்றைக்கு மந்திரவாதி வீடியோ காலில் வருகிறார் என்பதுதான் வித்தியாசம். போனில் பணம் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி இருக்கிறது.

நோய்க்கு இதை மருந்தாக்குவது இன்னொரு பெரிய தப்பு. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின இரவு மனதைத் தேற்றிக்கொள்ளச் சீட்டை எடுத்து வைப்பது உங்கள் இஷ்டம். ஆபரேஷனுக்குப் பதிலாக வைத்தால் அது வேறு. அதுபோல, சீட்டைக் கேட்காமல் வீட்டை விட்டு இறங்க முடியவில்லை, ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பக் கலைக்கத் தோன்றுகிறது என்றால் சீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கட்டு வாங்க வேண்டுமா?

புதிதாக வருகிறவர்கள் கேட்கிற சில்லறைச் சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. முதல் கட்டை இன்னொருவர்தான் பரிசாகத் தர வேண்டும் என்பது வெறும் வாய்ப்பேச்சு, உங்கள் காசில் வாங்கலாம். மற்றவர்கள் தொட்டால் தீட்டும் இல்லை, கை அழுக்குதான் ஒட்டும். தலைகீழாக வரும் சீட்டுக்கு வேறு பலன் உண்டா என்பது ரீடிங்கின் கவலை. சடங்கில் சீட்டை வைப்பதே நீங்கள் என்பதால் நேராக வைத்தால் நேர்.

கட்டே வாங்காமலும் செய்யலாம். வீட்டில் கிடக்கிற சாதாரணச் சீட்டுக்கட்டும் அதே குடும்பம்தான். டாரட்காரர்கள் ஆட்டினைக் கோப்பையாகவும், ஸ்பேடை வாளாகவும், டைமனைக் காசாகவும், கிளாவரைக் கோலாகவும் வைத்துக்கொள்கிறார்கள். படத் துருப்புகள் 22-ம் இருக்காது, அதற்குப் பதில் தாளில் நீங்களே வரைந்துகொள்ளலாம். ஜோக்கரை டாரட்டின் முட்டாள் சீட்டுக்கு வாரிசு என்று சிலர் எழுதுகிறார்கள். அது அப்படியில்லை, ஜோக்கர் 1860-களில் அமெரிக்காவில் வேறொரு ஆட்டத்துக்காகச் சேர்த்தது. முட்டாள் வேண்டுமென்றால் தாராளமாக அதைப் பயன்படுத்துங்கள், வம்சாவளி மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, வீட்டில் சாயங்காலம் 28 ஆடுகிற அண்ணன்மார் இருந்தால். ஜாக்கி, 9, ஆஸ், 10 எல்லாம் ஆட்டத்துக்குப் புள்ளிச் சீட்டுகள், 7-லிருந்து மேலே இருக்கிற 32 சீட்டுகளும் அவர்களுக்குத் தேவை. உங்கள் சடங்குக்கு 2 முதல் 6 வரைக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஒன்பது நாளும் துணியில் கிடந்தாலும் யாரும் தேடமாட்டார்கள்.